சோத்துக்கை

தகட்டின் விளிம்பு கத்தியைவிட நயமானது,
அறுத்ததே தெரியாது.
கையுறை இரண்டாகப் பிரிந்த பிறகுதான்
உள்ளே இருந்தது என் கை என்று புரிந்தது.
ஒன்பது தையல். சோத்துக்கையில்.
மூன்று வாரம் நனையக் கூடாது என்றார்
ஜி.எச். டாக்டர், அடுத்த சீட்டைப் பார்த்தபடி.

பூங்கொடிக்குச் செவ்வாய்ப்பேட்டையில்
ஜவ்வரிசி மண்டியில் கணக்கு வேலை.
எட்டே முக்காலுக்குப் பஸ்.
ஆக, வீட்டில் அகரனும் நானும்.
அவனுக்குப் பதினோரு மாதம்.

அதுவரை அவன் சாப்பாடு
சூரமங்கலம் தண்டவாளத்தோரம் நடக்கிற காரியம்.
அவள் இடுப்பில் அவன், அவள் கையில் கிண்ணம்.
கூட்ஸ் வந்தால் வாய் திறப்பான்.
நிலக்கரி வண்டிக்குப் பதினான்கு வாய்,
எண்ணெய் வண்டிக்குப் பத்து.
சிக்னல் விழாத அன்றைக்குத் துப்புவான்.
ரயில்வேயை நம்பி வளர்த்த பிள்ளை.

முதல் நாள் மதியம்
பீச்சாங்கையில் ஸ்பூன் பிடித்து
பருப்பு சாதம் ஊட்டப் பார்த்தேன்.
முதல் வாய் மூக்குக்குப் போனது.
அடுத்தது கன்னத்துக்கு.
மூன்றாவதில் ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டான்.

சரி, உன் பாடு.
பாயைச் சுருட்டி நேற்றைய பேப்பரை விரித்தேன்.
தட்டில் வெந்த உருளை, நாலு பிடி சோறு,
தோலோடு ஒரு கீற்று மல்கோவா.

முதலில் தட்டை அடித்தான்.
பிறகு இடது கையால் அள்ளி
என் முகத்தைப் பார்த்தான்.
யாரோ ஏதோ சொல்வார்கள் என்று
அதற்குள் எப்படித் தெரியும் இவனுக்கு?
நான் சொல்லவில்லை.
எனக்கும் அன்று அந்தக் கைதான்.

மூடிய கைக்குள் சோறு இருக்கிறது.
திறந்தால் விழும்.
திறக்காவிட்டால் வாய்க்குள் போகாது.
வெகுநேரம் அந்த முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பிறகு புறங்கையை நக்கினான்.

ஒருமுறை முகம் சிவந்து உவ்வே என்றான்.
நான் பாய்ந்தேன்.
போய்ச் சேருமுன் அவனே உருளையை
நாக்கால் முன்னே தள்ளி, கையில் எடுத்து,
இதுவா என்று பார்த்து
மறுபடி உள்ளே போட்டுக்கொண்டான்.
என் நெஞ்சடிப்பு அடங்க
மாம்பழம் முழுதும் தீர வேண்டியிருந்தது.

சாயங்காலம் பூங்கொடி வந்தாள்.
காதில் சோறு, மின்விசிறியில் சோறு.
எறும்புகளுக்கு அன்று திருவிழா.
ஒன்றும் பேசாமல் கை கழுவி
ரசம் விட்டுப் பிசைந்து
எனக்கு ஓர் உருண்டை நீட்டினாள்.

என் உதடு தானாக மூடிக்கொண்டது.

அவள்மேல் என்ன கோபம்? பசிதான்.
ஆனால் கை வரும் வேளை என் கையில் இல்லை,
எவ்வளவு என்பதும் இல்லை.
"ஆ காட்டுங்க" என்றாள்.
தலையைத் திருப்பினேன், இடப்பக்கம்,
அவன் திருப்புவதுபோலவே.
என் வாயைப் பார்த்தாள்,
பிறகு அவன் வாயை.
உருண்டையை என் தட்டில் வைத்துவிட்டு
"அப்பனும் மகனும் துடைச்சு வைங்க" என்று
புடவை மாற்றப் போனாள்.

ஸ்பூன் இப்போது அவனிடம்தான்.
சோறு அள்ள அல்ல, கடிக்க.
எங்கள் பட்டறையில் வெட்டிய இரும்பாலைச் சுருள் ஏதாவது
எங்கோ சுற்றி இதுவாகித் திரும்பியிருக்கலாம்.
நாக்கால் விளிம்பைச் சுற்றி வருகிறான்.
நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
யாரோ மழுக்கியிருக்கிறார்கள்,
நன்றாக.

தையல் பிரித்தாயிற்று.
கட்டைவிரல் இன்னும் உள்ளே மடங்க மறுக்கிறது,
உருண்டை பிடித்தால் உதிர்கிறது.
எதிரே அவன்
ஜவ்வரிசி உப்புமாவிலிருந்து ஒரே ஒரு மணியை
இரண்டு விரலால் தூக்கிவிட்டான்.
மூன்று வாரத்தில் முதல்முறை.

அந்நேரம் பார்த்துக் கூட்ஸ்.
பழைய பழக்கம், வாய் திறந்தது.
திறந்தபடியே இருந்தது, பெட்டிகள் போகப் போக.
யாரும் எதுவும் வைக்கவில்லை.
கடைசியில் அவன் கையே வந்தது
காலியாக.

மணி முழங்கையில் ஒட்டியிருந்தது.
நான் காட்டிக் கொடுக்கவில்லை.